புள்ளி தெரியாத திரையும் விடுபட்ட பெயர்களும்

(எமது மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



கணக்குப் பார்க்கிறவனுக்குக் கணனித் திரையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அதற்குக் காரணம் ஒரு மரண அறிவித்தல்.

2018ஆம் ஆண்டு மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. அன்று எமது வானொலியில் மரண அறிவித்தல்களை வாசிக்கும் முறை என்னுடையது. அந்தக் கிழமைதான் நிலையத்துக்கு ஒரு புதிய பெரிய மொனிற்றர் வந்திருந்தது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பழைய சதுர மொனிற்றரும் அப்படியே இருந்தது. இரண்டையும் ஒரே கணனியில் இணைத்திருந்தோம். அறிவித்தலைத் தட்டச்சுச் செய்த தங்கச்சி பெரிய திரையில் அதைத் திறந்து வைத்திருந்தா. எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்தச் சாளரத்தை இழுத்துப் பழைய திரையில் விட்டுவிட்டு நான் வாசித்தேன். ஊரில் காலமான ஓர் அம்மாவின் அறிவித்தல் அது. பிள்ளைகள் இங்கேயும் ஐரோப்பாவிலும் சிதறிப்போய் இருந்தார்கள். திரையில் இருந்த கடைசிப் பெயரையும் வாசித்து, வழக்கமான முடிவு வசனத்தையும் சொல்லி, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. பேசியவர் அந்த அம்மாவின் மூத்த மகன்.

"அண்ணை, அம்மாவைக் கடைசி மட்டும் வைச்சுப் பாத்தவள் என்ரை கடைசித் தங்கச்சி. அவளின்ரை பேரையும் பிள்ளையளின்ரை பேரையும்தான் விட்டிட்டியள்."

எனக்கு விளங்கவில்லை. திரையில் இருந்தது எல்லாவற்றையும் வாசித்தேனே! போய்ப் பார்த்தால் அறிவித்தலின் அடிப்பகுதி திரையின் விளிம்புக்குக் கீழே போயிருந்தது. 17 பெயர்களில் 12தான் எனக்குத் தெரிந்திருக்கின்றன.

எங்கள் சனத்துக்கு மரண அறிவித்தல் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தாயின் செத்தவீட்டுக்குப் போகமுடியாத பிள்ளைகள் எத்தனை பேர் எங்களுக்குள்ளே! அந்த இரண்டு நிமிட வாசிப்பில்தான் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் கூடி நிற்கிறது. அதில் ஒருத்தியின் பெயர் இல்லையென்றால், அவள் அந்த வீட்டில் இல்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

அன்றைக்குப் பிறகுதான் திரை எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடத் தேட, அந்தக் கதை எங்கள் எழுத்தின் கதையோடு பின்னிக்கிடப்பதைக் கண்டேன். அதைத்தான் இம்முறை சொல்லப் போகிறேன்.

ஏட்டிலிருந்து தட்டச்சு வரை

தமிழ் எழுத்துக்குப் புள்ளி உயிர்நாடி. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எனவே ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். ரகரமும் அரவுக் காலும் ஏட்டில் ஒரே மாதிரியே இருந்தன. 'பால்' என்றும் 'பரல்' என்றும் படிக்கக்கூடிய சொற்களை இடம் பார்த்துத்தான் பிரித்தறிந்தார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றங்களைத்தான் நாம் இன்றும் எழுதுகிறோம்.

அச்சு வந்தது. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சானது. தொடக்ககால அச்சு நூல்களிலும் புள்ளி இல்லாத பக்கங்கள் உண்டு. புள்ளி நிலைபெற்றது பின்னர்தான்.

அடுத்து தட்டச்சு. இதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த இரா. முத்தையா அவர்கள் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் தொழிலுக்குப் போனவர். 247 எழுத்துகளை ஒரு சின்ன விசைப்பலகைக்குள் அடக்குவது எப்படி? அவர் கண்ட வழிகளில் ஒன்று 'நகரா விசை'. புள்ளியையும் விசிறியையும் அடித்தால் தாள் நகராது. அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் விழும். இப்படி இரண்டு அடியில் ஓர் எழுத்து உருவானது.

ஓலை, அச்சு, தட்டச்சு என்று ஒவ்வொரு புதுச் சாதனம் வந்தபோதும் முதலில் இடரியது புள்ளிதான். கணனித் திரையிலும் அதுவே நடந்தது.

எட்டுக்கு எட்டுப் பெட்டி

கணனித் திரையும் புள்ளிகளால் ஆனதுதான். பிக்ஸல் என்று சொல்கிறார்களே, அதைத் திரைப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். சின்னச் சின்னக் கட்டங்கள் கொண்ட கணக்குக் கொப்பித் தாளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நிறம் தீட்டலாம் அல்லது வெறுமையாக விடலாம். அரைக் கட்டம் தீட்ட முடியாது.

ஐபிஎம் நிறுவனத்தின் பிசி கணனி 1981ஆம் ஆண்டு ஆவணி மாதம் வெளிவந்தது. அதற்கு இரண்டு வகைத் திரை அட்டைகள் இருந்தன. நிறம் காட்டும் அட்டையில் அகலத்தில் 640, உயரத்தில் 200 புள்ளிகள். ஓர் எழுத்துக்குக் கிடைத்தது 8க்கு 8 புள்ளிப் பெட்டி. ஒற்றை நிற அட்டையில் 720க்கு 350 புள்ளிகள், எழுத்துக்கு 9க்கு 14 பெட்டி. அதில் எழுத்து வடிவாகத் தெரிந்தது. ஆனால் அட்டையில் பதித்திருந்த எழுத்துகளைத் தவிர வேறொன்றையும் காட்டாது.

எட்டுக்கு எட்டுப் பெட்டியில் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி அடங்கும். மூன்று சுழி 'ண' அடங்குமா? ஒவ்வொரு சுழிக்கும் இரண்டு பக்கக் கோடும் நடுவில் வெறுமையும் வேண்டும். எட்டுப் புள்ளியில் அது முடியாது. அதற்கு மேலே ஒரு புள்ளியும் வைக்க வேண்டும். 'ணு' என்றால் கீழேயும் இடம் வேண்டும். ணகரமும் னகரமும் குழம்பினால் மணம் மனமாகும், ஆணி ஆனியாகும். இணுவில் இனுவிலாகிவிடும். அந்த ஊர்க்காரர் நேயராக இருந்தால் நிலையத்துத் தொலைபேசி ஓயாது.

இந்தத் துன்பம் எங்களுக்கு மட்டும் இருக்கவில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தாய்லாந்து நாட்டவரான வான் சுவன்னுகுல் தமது ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத விரும்பினார். தாய் எழுத்திலும் மேலேயும் கீழேயும் குறிகள் வரும். நிற அட்டையில் அது தெளியவில்லை, ஒற்றை நிற அட்டையில் அந்த எழுத்தே இல்லை. எனவே அவர் தாமே ஓர் அட்டையைச் செய்தார். 1982இல் வெளிவந்த அதன் பெயர் ஹெர்குலிஸ். 720க்கு 348 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் நாம் விரும்பியபடி தீட்டலாம். உலகம் முழுவதும் அலுவலகங்கள் அதை வாங்கின. நெருக்கமான திரை வேண்டும் என்ற தேவை ஆங்கிலம் அல்லாத ஓர் எழுத்திலிருந்தும் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. தாய் எழுத்து கெமர் எழுத்து வழியாகக் காஞ்சிப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சுவன்னுகுல் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றும் சொல்லலாம்.

கணக்காளர் மேசையில் இரண்டு திரைகள்

இரண்டு வெவ்வேறு திரைகளை ஒரு கணனியில் பூட்டுவது இன்றைய புதுமை என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. 1983ஆம் ஆண்டு தை மாதம் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் வெளிவந்தது. என் தொழிலில் உள்ளவர்களுக்கு அது கடவுள் கொடுத்த வரம். ஐபிஎம் கணனியின் இரண்டு அட்டைகளும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளில் இருந்ததால், இரண்டையும் ஒன்றாகப் பூட்ட முடிந்தது. ஒற்றை நிறத் திரையில் எண்கள் தெளிவாக நிற்கும், பக்கத்து நிறத் திரையில் வரைபடம் எழும். 350 வரித் திரையும் 200 வரித் திரையும் பக்கத்தில் பக்கத்தில்! கலப்புத் திரைகளின் முதற் பயனாளிகளில் கணக்காளர்களும் இருந்தார்கள்.

ஆனால் அன்று ஒரு திரையிலிருந்து மற்றத் திரைக்கு எதையும் இழுத்துவிட முடியாது. ஒவ்வொரு திரைக்கும் அதனதன் வேலை. எனவே குழப்பமும் இல்லை. ஒரே மேசைத்தளம் இரண்டு திரைகளிலும் பரந்து கிடக்கும் வசதி அப்பிள் நிறுவனத்தின் மக்கின்டோஷ் இரண்டில் 1987இலும், வின்டோஸில் 1998இலும் வந்தது. எனக்கு நேர்ந்த வில்லங்கத்தின் விதை அங்கேதான் இருக்கிறது.

96 என்ற எண்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம்.

அச்சுத் தொழிலில் ஓர் அங்குலத்தை 72 பங்காக்கி அதை 'பொயின்ற்' என்பார்கள். 1984இல் வந்த முதல் மக்கின்டோஷ் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஒரு பொயின்ற் என்றால் ஒரு திரைப்புள்ளி. மிக இலகுவான கணக்கு. மைக்ரோசொப்ட் நிறுவனம் வேறு விதமாக யோசித்தது. புத்தகத்தை விடத் திரை கண்ணுக்குத் தூரத்தில் இருக்கிறது, எனவே எழுத்தை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும் என்று 96ஐ எடுத்தது. 12 பொயின்ற் எழுத்துக்கு 16 புள்ளிகள் கிடைத்தன.

திரை உண்மையில் எத்தனை புள்ளி நெருக்கம் என்று வின்டோஸ் பல ஆண்டுகளாகக் கேட்கவே இல்லை. எல்லாத் திரையும் 96 என்றே எடுத்துக்கொண்டது. அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. எங்கள் நிலையத்துப் பழைய 17 அங்குலத் திரையில் 1280க்கு 1024 புள்ளிகள். மூலைவிட்டத்தைக் கணக்குப் பார்த்தால் அங்குலத்துக்கு 96தான் வருகிறது. 24 அங்குல 1920க்கு 1080 திரை என்றால் 92. இருபது ஆண்டுகளுக்கு மேல் மென்பொருள் எழுதியவர்கள் எல்லோரும் இந்த எண்ணைக் கல்லில் பொறித்த மாதிரி நம்பி எழுதினார்கள்.

தமிழ் ஏறிய கதை

இந்தத் திரைகளில் தமிழை ஏற்றப் பாடுபட்டவர்களில் முன்னோடி ஒருவர் எங்கள் கனடாவிலேயே இருந்தார். முனைவர் சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்ற தமிழ்ச் சொற்செயலியை இங்கே உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' மூலம் 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். சுவிற்சர்லாந்தில் முனைவர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். பெரும்பாலும் புலம்பெயர்ந்த தமிழர்கள்தான் தங்கள் ஓய்வு நேரத்தில் இதைச் செய்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

எங்கள் ஈழத் தமிழர் மத்தியில் 'பாமினி' எழுத்துரு கோலோச்சியது. திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், அந்தியேட்டி நினைவு மலர் எல்லாம் பாமினிதான். தட்டச்சுப் பழகியவர்களுக்கு அது கைவந்தது. ஆனால் பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ்ப் போர்வை. எழுத்துரு இல்லாத கணனியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும்.

1999இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. இணையக் குழுவினர் திஸ்கியை வளர்த்தார்கள். 1991இலேயே முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கிய யூனிக்கோட், வின்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துருவோடு எங்கள் மேசைக்கு வந்தது. பழைய பாமினிக் கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்ற ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் செய்த எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்தாத ஈழத்து எழுத்தாளர் அந்நாளில் அரிது.

ஆனாலும் திரை இன்னும் ஐதாகவே இருந்தது. சாதாரண அளவில் தமிழ் எழுத்தின் உடலுக்கு ஏழோ எட்டோ புள்ளி உயரம், மேலே புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ. 1998இல் மைக்ரோசொப்ட் கிளியர்டைப் என்ற முறையை அறிவித்தது. ஒவ்வொரு திரைப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகளால் ஆனது. அந்தக் கீற்றுகளைத் தனித்தனியாக ஆட்டி எழுத்தை மழமழப்பாக்கினார்கள். ஆனால் கீற்றுகள் பக்கவாட்டில் இருப்பதால் அகலத்தில்தான் தெளிவு கூடியது. ஆங்கிலத்துக்கு அது போதும். எங்களுக்கு ணகரச் சுழி கொஞ்சம் விரிந்தது, தலைக்கு மேலே இருந்த புள்ளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உயரத்திலும் மழமழப்பாக்கும் வசதி வின்டோஸ் 7 வந்த 2009இல்தான் சேர்ந்தது.

அந்த 2009ஐ நான் மறக்க முடியாது. சித்திரை, வைகாசி மாதங்களில் வன்னியிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் வந்தன. சில பாமினியில், சில யூனிக்கோடில், சில தொலைநகலில் வந்ததை ஸ்கான் பண்ணிய படமாக. 1024க்கு 768 திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய், ணகரமா னகரமா என்று உற்று உற்றுப் பார்த்து வாசித்தோம். பிழையாக வாசித்தால் ஒரு வீட்டில் வீணாக அழுகை எழும், இன்னொரு வீட்டில் வீணாக நம்பிக்கை இருக்கும். கண் பிழையா, திரைப் பிழையா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நெருக்கமான திரை வந்தது

நெருக்கமான திரையைச் செய்யத் தெரியாமல் உலகம் இருக்கவில்லை. ஐபிஎம் 2001இலேயே 22.2 அங்குலத்தில் 3840க்கு 2400 புள்ளிகள் கொண்ட திரையை வெளியிட்டது. அங்குலத்துக்கு 204 புள்ளி. விலை 20 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். மருத்துவப் படங்கள், வரைபடங்கள் பார்ப்பவர்கள்தான் வாங்கினார்கள். வீட்டில் வைத்தால் 96 என்று நம்பிய மென்பொருள்களின் எழுத்து எறும்பு போலத் தெரிந்திருக்கும்.

முதலில் மாறியது கைத்தொலைபேசி. 2010இல் வந்த ஐபோன் 4இல் அங்குலத்துக்கு 326 புள்ளி. 2012இல் அப்பிளின் மடிக்கணனி அதே வழியில் போனது. பிறகு 4கே எனப்படும் 3840க்கு 2160 புள்ளித் திரைகள் மலிந்தன. எங்கள் நிலையத்துக்கு வந்த 27 அங்குலத் திரை அந்த வகை. கணக்குப் பார்த்தால் அங்குலத்துக்கு 163 புள்ளி. அதில் பார்த்தபோது 'ண்' என்ற எழுத்து அச்சில் உள்ளதைப் போலவே இருந்தது. மூன்று சுழியும் தெரிந்தது, புள்ளி வட்டமாக இருந்தது. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

பார்க்டேலில் எங்கள் அயலவர்களான திபெத்தியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1980களில் ஜேம்ஸன் அவெனியூ மாடிக் கட்டடங்களில் எங்கள் ஆட்கள் குடியேறினார்கள். பிற்பாடு பலர் ஸ்காபரோப் பக்கம் போக, குயின் வீதியில் மோமோக் கடைகள் வந்தன. திபெத்திய எழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கப்படுவது. யூனிக்கோடில் அது நிலைபெற்றது 1996இல், வின்டோஸோடு எழுத்துரு வந்தது 2007இல். ஐதான திரையில் அவர்கள் பட்ட பாடு எங்கள் பாட்டை விடக் கூட.

இரண்டும் கலந்தபோது

இப்போது என் பிழைக்கு வருகிறேன். 163 புள்ளித் திரையில் 96 கணக்கில் எழுதினால் எழுத்து சிறுக்கும். எனவே வின்டோஸ் எல்லாவற்றையும் 150 வீதம் பெருப்பித்துக் காட்டும். ஆனால் பழைய 96 புள்ளித் திரைக்குப் பெருப்பிக்கத் தேவையில்லை, 100 வீதமே போதும். ஒரே கணனியில் ஒவ்வொரு திரைக்கும் வெவ்வேறு வீதம் வைக்கும் வசதி 2013இல் வின்டோஸ் 8.1இல்தான் வந்தது. 2017இல் வின்டோஸ் 10இல் அது திருந்தியது.

சாளரத்தை ஒரு திரையிலிருந்து மற்றத் திரைக்கு இழுக்கும்போது, எழுத்து கண்ணுக்கு ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று வின்டோஸ் அதைச் சுருக்குகிறது. பெரிய திரையின் உயரம் 2160, அதை 1.5ஆல் வகுத்தால் 1440. பெரிய திரையின் முழு உயரத்துக்கும் இழுத்து வைத்த சாளரம் பழைய திரைக்கு வரும்போது 1440 புள்ளி உயரமாகும். பழைய திரையின் உயரமோ 1024. மிச்சம் 416 புள்ளிகள் எங்கே? திரைக்குக் கீழே, ஒருவரும் பார்க்க முடியாத இடத்தில். பத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு. 17 பெயர்களில் 5.

எழுத்து அளவாக, தெளிவாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எழுத்து பெருத்தோ சிறுத்தோ போயிருந்தால் கவனித்திருப்பேன். கீழே உருட்டிப் பார்க்கச் சொல்லும் பட்டியின் அடியும் மறைந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் புதுத் திரையும் பழைய திரையும் சேர்ந்து இருக்கலாம். பிள்ளைகள் பழையதை எறிய விடமாட்டார்கள், நாங்களும் எறிய மாட்டோம். எனவே நான் பட்டறிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு திரைக்கும் அதன் இயல்பான புள்ளி எண்ணிக்கையையே வையுங்கள். எழுத்துப் பெருக்க வேண்டும் என்று அதைக் குறைத்தால் தமிழ் எழுத்து மங்கும், முதலில் போவது புள்ளிதான். அதற்குப் பதிலாகப் பெருப்பிக்கும் வீதத்தைக் கூட்டுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

திரைகளை ஒழுங்குபடுத்தும் படத்தில் 4கே திரை பழையதைப் போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். மேசையில் இருக்கிற மாதிரியே படத்திலும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் மவுஸ் சுவரில் முட்டிய மாதிரி விளிம்பில் நிற்கும். சாளரத்தை மற்றத் திரைக்கு இழுத்தவுடன் அதை முழுத் திரைக்கும் விரியுங்கள். அப்போது அடி வெளியே போகாது.

கேபிளையும் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 வகையில் 4கே திரை விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், எழுத்தை உருட்டும்போது துள்ளும். 2013இல் வந்த 2.0 வகையில் அது 60. பழைய மென்பொருள் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால் கண் வைத்தியரிடம் ஓடாதீர்கள். அது 96 என்று நம்பி எழுதப்பட்டது, வின்டோஸ் அதைப் படமாக எடுத்து இழுத்துக் காட்டுகிறது. அதன் குறும்படத்தில் வலச்சொடுக்கி, இணக்கப் பகுதியில் இதை மாற்றிப் பார்க்கலாம். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஐப்பசியில் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தலையில் ஓர் எண்

இவ்வளவும் படித்த பிறகும், திரையை மட்டும் நம்பக்கூடாது என்றே எனக்குப் பட்டது. நாளைக்கு வேறொரு திரை வரும், வேறொரு விதமாக மறைக்கும். கணக்கியலில் எங்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. பற்றுச்சீட்டுக் கட்டு ஒன்றைக் கைமாற்றும்போது, மொத்தம் எத்தனை சீட்டு என்று மேலே எழுதிக் கொடுப்போம். வாங்கியவர் எண்ணிப் பார்த்து அதே எண் வந்தால்தான் கையெழுத்து வைப்பார்.

அந்த வழக்கத்தை நிலையத்தில் கொண்டுவந்தோம். அறிவித்தலைத் தட்டச்சுச் செய்பவர் தலைப்பில் பெயர்களின் எண்ணிக்கையைப் போடுவார், கடைசி வரியில் 'முற்றும்' என்று எழுதுவார். வாசிப்பவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வாசிப்பார். எண் பொருந்தாவிட்டால் பாட்டு போகாது.

அந்த அம்மாவின் அறிவித்தலை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதுமாக மறுபடி வாசித்தேன். நடந்த பிழை என்னுடையது என்றும் சொன்னேன். ஒலிப்பதிவை மகன் ஊருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி எடுத்தார்.

"தங்கச்சி கேட்டவளாம் அண்ணை. பிள்ளையளையும் கூப்பிட்டு இருத்தி வைச்சுக் கேட்டவளாம்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய சதுரத் திரை இன்னும் ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் சட்டத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறோம். புதிதாக வரும் அறிவிப்பாளர்கள் அதில் 17 என்று ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்லுவோம்.